பேரி ஊர்க் கல்தச்சர்கள்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள பேரி, சாம்பல்நிற கிரானைட்டை நம்பி வளர்ந்த சின்ன ஊர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து, இத்தாலிக் கல்தச்சர்கள் வந்து குவிந்தார்கள். கைஉளி இருந்தவரை தூசி குறைவு. காற்றழுத்த உளி வந்ததும் வேலை வேகமானது. கூடவே மாவுபோல் மெல்லிய சிலிக்கா தூசியும் கிளம்பியது. குளிருக்காகப் பட்டறைக் கதவை அடைத்துவிட்டால் அது எங்கே போகும்? நுரையீரலுக்குத்தான். அந்தத் தூசி நுரையீரலைத் தழும்பேற்றும் சிலிகோசிஸ் நோய், அதன்மேல் காசநோய். பளிங்கில் பழகிய, இத்தாலியின் கராரா ஊர்க்காரர்களுக்கு இது புதிது: பளிங்கில் குவார்ட்ஸ் என்னும் சிலிக்கா படிகம் அநேகமாக இல்லை, கிரானைட்டிலோ சுமார் கால்பங்கு. முகத்தில் துணி கட்டுவதெல்லாம் வீண். நுண்தூசி அதில் நிற்காது. 1930களின் கடைசியில்தான் உளிமுனை அருகிலேயே தூசியை உறிஞ்சும் குழாய்கள் பரவலாயின. குழாய்வாய் ஒரு சாண் தள்ளிப்போனாலே இழுவை சரிந்துவிடும். உளி நகர நகர அதையும் நகர்த்தியாக வேண்டும்.