‘1984’ நாவலின் வழியே சொற்களைக் கற்பது

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள எந்த நாவலை வாசிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயக்கமின்றிச் சொல்வது ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’. 1949 ஜூன் மாதம் வெளிவந்த அந்நாவலின் உரைநடை தெளிவானது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஓர் அரசு சொற்களை எப்படிக் கைப்பற்றுகிறது என்பதே அதன் கதையாகவும் இருப்பதுதான். சொற்களைக் கவனிக்காமல் கடந்து செல்பவருக்கு அந்தக் கதை பாதிதான் கிடைக்கும்.

இந்நாவலில் தெரியாத சொல் ஒன்றைச் சந்தித்தவுடன் அகராதியைத் திறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் அது ஆங்கிலத்தின் சொல்லா, நாவலில் ஆட்சி செய்யும் கட்சி உருவாக்கிய சொல்லா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். என் குறிப்பேட்டில் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பக்கங்கள் வைத்திருக்கிறேன். தாட்கிரைம் (சிந்தனைக் குற்றம்), அன்பர்சன் (இருந்ததே இல்லை என்று ஆக்கப்பட்டவர்), ஜாய்கேம்ப் போன்றவை கட்சியின் பக்கத்துக்குப் போகும். கட்டாய உழைப்பு முகாமுக்குத்தான் ‘ஜாய்’ என்ற மகிழ்ச்சிச் சொல்லைச் சேர்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள் என்று அறியும்போது அந்த ஆட்சியின் குணமும் சேர்ந்தே புரிகிறது. இவ்விரண்டு பக்கங்களிலும் சேராத சொற்களும் உண்டு. ‘வேப்பரைஸ்’ என்பதற்கு அகராதி ஆவியாக்குதல் என்று மட்டும் சொல்லும். நாவலிலோ அது ஒரு மனிதரைக் கொண்டுபோய், அவர் இருந்தார் என்பதற்கான பதிவுகள் அனைத்தையும் துடைத்தழிப்பதைக் குறிக்கிறது. இத்தகைய சொற்களுக்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களே அகராதி.

டபுள்திங்க் என்ற சொல்லைப் பின்தொடர்ந்து பார்த்தால் இது இன்னும் விளங்கும். முதல் பகுதியின் இரண்டாம் அத்தியாயத்தில் அது எந்த விளக்கமும் இல்லாமல், கட்சிக் கொள்கைகளின் பட்டியலில் ஒன்றாக வந்துபோகிறது. மூன்றாம் அத்தியாயத்தில், காலை உடற்பயிற்சியின்போது கதைநாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தின் மனம் அதைச் சுற்றி அலைகிறது. தெரிந்திருந்தும் தெரியாதிருப்பது என்ற அளவில் அதன் உருவம் தென்படுகிறது. இரண்டு முரண்பட்ட நம்பிக்கைகளை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்து இரண்டையும் ஏற்கும் ஆற்றல் என்ற முறையான வரையறை, இரண்டாம் பகுதியில், கட்சியின் எதிரியாகச் சொல்லப்படும் கோல்ட்ஸ்டைனின் நூலை வின்ஸ்டன் வாசிக்கும் இடத்தில்தான் கிடைக்கிறது. அதற்குள் அச்சொல் செயல்படுவதை நாம் பலமுறை கண்டுவிட்டிருப்போம். முதல் சந்திப்பிலேயே இணையத்தில் தேடிப் பொருளைத் தெரிந்துகொண்டவருக்கு வரையறை மட்டுமே மிஞ்சும். நாவல் தாமதப்படுத்தும் பொருளை நாமும் பொறுமையாகத் தாமதிக்க விடுவதே வாசிப்புத்திறனை வளர்க்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சொற்கள் தெரிந்தும் கதை கைநழுவிப் போகும் இடங்களும் உண்டு. அதற்குச் சாக்லேட் பங்கீட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. முதல் பகுதியின் இரண்டாம் அத்தியாயத்தில் அந்தப் பங்கீடு 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைக்கப்படும் என்று, மக்களைக் கண்காணிக்கவும் செய்யும் திரையான டெலிஸ்கிரீன் அறிவிக்கிறது. நான்காம் அத்தியாயத்தில், அந்த ஆண்டு குறைப்பு இராது என்று அமைச்சகம் முன்பு அளித்த வாக்குறுதியை பழைய பதிவுகளை மாற்றும் வேலை பார்க்கும் வின்ஸ்டன் தன் அலுவலகத்தில் திருத்தி எழுதுகிறார். ஐந்தாம் அத்தியாயத்தின் உணவுக்கூடத்தில், பங்கீட்டை வாரத்துக்கு 20 கிராமாக உயர்த்தியதற்காகப் கட்சியின் தலைவராகக் காட்டப்படும் பெரியண்ணனுக்கு நன்றி கூறி ஊர்வலங்கள் நடந்தன என்ற செய்தி ஒலிக்கிறது. இம்மூன்று இடங்களிலும் கடினமான சொல் எதுவும் இல்லை, ஆயினும் எண்ணை நினைவில் வைத்திராத வாசகரும் உணவுக்கூடத்தில் இருப்பவர்களைப் போல அந்தப் பொய்யைக் கடந்துவிடுவார். ஆகவே எண்களையும் தேதிகளையும் வாக்குறுதிகளையும் பக்க எண்ணோடு குறித்துவைக்கும்படி வலியுறுத்துவேன்.

கோல்ட்ஸ்டைனின் நூல் வரும் பக்கங்களில் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். வின்ஸ்டன் வாசித்துக்காட்ட, கேட்டுக்கொண்டிருக்கும் அவருடைய காதலி ஜூலியாவே உறங்கிவிடுகிறாள். அங்கு ஒவ்வொரு பத்திக்கும் தமிழில் ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு நகர்ந்தால் போதும்.

இறுதியில் இருக்கும், கட்சி உருவாக்கும் புது மொழியான நியூஸ்பீக் பற்றிய பின்னிணைப்பை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. முதல் அத்தியாயத்தின் அடிக்குறிப்பே அதை நோக்கி அனுப்பினாலும், நாவலை முடித்தபின் வாசிப்பதே நல்லது. நியூஸ்பீக்கின் சொற்கள் அதில் மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன: அன்றாட வாழ்வுக்கானவை, அரசியல் நோக்கோடு இணைத்துச் செய்யப்பட்டவை, அறிவியல் துறைகளுக்கானவை. ஒரு நாய்க்குப் பேன் தொல்லையிலிருந்து விடுதலை என்று சொல்ல ‘ஃப்ரீ’ என்ற சொல் இன்னும் பயன்படும். அரசியல் விடுதலையைச் சொல்ல அதே சொல்லைப் பயன்படுத்த வழியில்லை. இதை வாசித்த கையோடு ஐந்தாம் அத்தியாயத்துக்குத் திரும்பி, நியூஸ்பீக் அகராதியின் பதினோராம் பதிப்பில் பணியாற்றும் சைம் என்பவர், சொற்களை அழிப்பதன் அழகைப் பற்றிப் பரவசத்துடன் பேசும் பகுதியை மீண்டும் படியுங்கள். பின்னிணைப்பின் வினைமுற்றுகளையும் கவனியுங்கள்: நியூஸ்பீக் முழுமையாக நடைமுறைக்கு வரக் குறிக்கப்பட்ட ஆண்டு 2050 என்றாலும், அந்தப் பக்கங்கள் அந்த மொழியை இறந்தகாலத்தில்தான் விவரிக்கின்றன. அந்த ஆட்சி ஒருநாள் முடிந்துபோனது என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ளும் வாசகர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்கள் பக்கமே நிற்கிறேன்.