அந்த அட்டவணை யாருக்குக் கடினம்?

நவம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எந்தப் பேச்சும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து முட்டும்: "அது கிடக்கட்டும், உங்க டீம் இதுவரை யாரை ஜெயிச்சிருக்கு?" 11 வெற்றி, 1 தோல்வி என்று நிற்கும் 11-1 அணியின் ரசிகர் தன் ஒற்றைத் தோல்வியைக் காட்டுவார். 9-3 அணியின் ரசிகர் தன் எதிரணிகளின் பட்டியலை நீட்டுவார். இருவர் வாயிலும் "அட்டவணை வலு" என்ற சொல்தான், அதாவது ஆடிய எதிரணிகள் எவ்வளவு கடினமானவை என்பது. அளக்கும் கோல் மட்டும் ஆளுக்கொன்று.

சண்டை ஓயாததற்குக் காரணம் எண்ணிக்கையிலேயே இருக்கிறது. மேல்மட்டமான எஃப்பிஎஸ் பிரிவில் 2025-ல் 136 அணிகள். வழக்கமான சீசனில் ஆளுக்கு 12 ஆட்டம். அதிலும் எட்டோ ஒன்பதோ பெரும்பாலும் சொந்த கான்ஃபரன்ஸுக்குள்ளேயே (எஸ்இசி, பிக் டென் போன்ற அணிக் கூட்டமைப்புக்குள்) முடிந்துவிடும். மிச்சமிருக்கும் மூன்று நான்கு ஆட்டங்களை வைத்துத்தான் எஸ்இசி பெரிதா, பிக் டென் பெரிதா என்று முடிவு கட்ட வேண்டும். கான்ஃபரன்ஸுக்குள் நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. கூட்டிப் பார்த்தால் எந்த கான்ஃபரன்ஸுக்கும் சரிபாதிதான் வரும். "எங்க கான்ஃபரன்ஸில் யாரும் யாரையும் சாய்ப்பார்கள், அவ்வளவு பலம்" என்ற வாதமும், "அங்கே யாரும் யாரிடமும் தோற்பார்கள், அவ்வளவு மந்தம்" என்ற வாதமும் ஒரே எண்களிலிருந்து பிறப்பவை. செப்டம்பரில் வெளி அணிகளோடு ஆடியதைப் பார்க்காமல் இரண்டில் எது உண்மை என்று சொல்ல வழியில்லை.

நேருக்கு நேர் ஆடியதை வைத்துத் தீர்த்துவிடலாமே என்றால், அது வட்டம் போட்டுவிடும். 2008-ல் பிக் 12 தெற்குப் பிரிவில் டெக்சாஸ் ஓக்லஹோமாவை 45-35 என்று வென்றது. டெக்சாஸ் டெக் டெக்சாஸை 39-33 என்று வென்றது. ஓக்லஹோமா டெக்சாஸ் டெக்கை 65-21 என்று துவைத்தது. மூன்றுமே கான்ஃபரன்ஸில் 7-1. தேசிய இறுதிப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுத்த அன்றைய முறையான பிசிஎஸ்ஸின் தரவரிசையில் மேலே இருந்த ஓக்லஹோமாவுக்கு கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டி கிடைத்தது. ஓக்லஹோமாவை வென்றிருந்த டெக்சாஸ் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது.

சரி, அட்டவணையை அளப்பது எப்படி? எல்லோருக்கும் முதலில் கைவருவது எதிரணிகளின் வெற்றி விகிதம். இதில் புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு: தன் அணியோடு ஆடிய ஆட்டத்தையும் எதிரணியின் கணக்கில் சேர்த்துவிடுவது. 12 எதிரணிகள், ஆளுக்கு 12 ஆட்டம், மொத்தம் 144. அவர்களின் மொத்தக் கணக்கு 72-72 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அணி 12-0 என்றால், அந்த 72 தோல்விகளில் 12 நீங்கள் கொடுத்தவை. அவற்றை எடுத்துவிட்டால் 72-60, அதாவது 0.545. உங்கள் அணி 0-12 என்றால் அதே எதிரணிகள் 60-72, அதாவது 0.455. கழிக்காமல் விட்டால் இரண்டு அட்டவணையும் 0.500 என்று ஒன்றுபோலவே தெரியும். ஜெயிப்பவன் தன் அட்டவணையைத் தானே கெடுத்துக்கொள்கிற கணக்கு அது.

அடுத்த குழி எஃப்சிஎஸ் அணிகள். கீழ்ப் பிரிவிலிருந்து ஒரு அணியைப் பணம் கொடுத்து வரவழைத்து, சொந்த மைதானத்தில் 50 புள்ளி வித்தியாசத்தில் வெல்வது பெரிய அணிகளின் ஆண்டு வழக்கம். அந்த எஃப்சிஎஸ் அணி தன் பிரிவில் 10-2 என்று முடித்தால், வெறும் விகிதக் கணக்கில் அது வலுவான எதிரணியாகிவிடும். அந்த ஆட்டத்தை அடியோடு நீக்கினாலும் தப்பு, ஏனென்றால் எளிய ஆட்டம் ஒன்று காணாமல் போய் அட்டவணை கடினமாகத் தெரியும். அதைச் சேர்க்கத்தான் வேண்டும், ஆனால் எஃப்பிஎஸ் அளவுகோலில் எடைபோட்டு. 2007-ல் அப்பலேச்சியன் ஸ்டேட், 5-ஆம் இடத்திலிருந்த மிஷிகனை அதன் மைதானத்திலேயே 34-32 என்று வீழ்த்தியதை எடுத்துக்காட்டாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது இன்றும் பேசப்படுவதே எப்போதோ நடப்பது என்பதால்தான்.

இந்தக் குழிகளையெல்லாம் தாண்டினாலும் சராசரியே ஏமாற்றும். ஒரு சின்னக் கணக்கு. நடுத்தர அணிக்கு மதிப்பு 0 என்று வைப்போம். மேல்தட்டு அணி ஒன்று பொது மைதானத்தில் அதை 25 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும். ஆட்ட முடிவுகளின் திட்ட விலக்கம், அதாவது முடிவு எதிர்பார்ப்பிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 16 புள்ளி. இப்போது இரண்டு அட்டவணை. முதலாவதில் +20 அணி ஒன்று, −20 அணி ஒன்று. இரண்டாவதில் இரண்டுமே 0. இரண்டின் சராசரியும் 0.

மேல்தட்டு அணி முதல் அட்டவணையில் +20 அணியை வெல்ல வாய்ப்பு சுமார் 62 சதவீதம், −20 அணியை வெல்வது ஏறக்குறைய நிச்சயம். ஆக 2-0 என்று முடிக்க 62 சதவீதம். இரண்டாவது அட்டவணையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 94 சதவீதம், 2-0 என்று முடிக்க 88. அதே இரண்டு அட்டவணையை −20 மதிப்புள்ள பலவீனமான அணியிடம் கொடுத்துப் பாருங்கள். முதலாவதில் ஒரு வெற்றியாவது கிடைக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு, தன்னைப் போன்ற அணியொன்று அதில் இருக்கிறதே. இரண்டாவதில் 20 சதவீதம்தான். சாம்பியன் பட்டத்துக்கு ஆடுகிறவனுக்கு எது கடினமோ, அதுவே அடிமட்டத்தில் இருப்பவனுக்கு எளிது.

ஆகவே அட்டவணை கடினமா என்ற கேள்விக்கு, யாருக்கு என்று கேட்காமல் பதிலே கிடையாது. சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் சுற்றில் இடம் பிடிக்கும் சண்டையில் 5-ஆம் இடத்துக்கும் 15-க்கும் நடுவே இருக்கிற அணியை நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த அணிக்கு 90-ஆம் இடத்து எதிரணியும் 130-ஆம் இடத்து எதிரணியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சராசரியோ அந்த வித்தியாசத்துக்குத்தான் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்கும். முதல் 15-க்குள் இருக்கும் எதிரணிகள் எத்தனை, அவற்றில் எத்தனை வெளி மைதானத்தில் என்று மட்டும் எண்ணிப் பார்த்தாலே பாதி உண்மை வெளிவந்துவிடும். சொந்த மைதானம் இரண்டு மூன்று புள்ளி பெறும். சம பலமுள்ளவர்களுக்குள் அது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது கேள்வி விலை பற்றியது. அட்டவணை கடினம் என்றே ஒப்புக்கொள்வோம், அதற்கு எத்தனை தோல்வியை மன்னிக்கலாம்? பழைய பிசிஎஸ் இதற்கு வெளிப்படையாகவே விலை போட்டிருந்தது. 1998 முதல் 2003 வரை எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, எதிரணிகளின் எதிரணிகளுக்கு ஒரு பங்கு என்று கலந்து அட்டவணைகளை வரிசைப்படுத்துவார்கள். அந்த வரிசை எண்ணை 25-ஆல் வகுத்து அணியின் மொத்தப் புள்ளியில் சேர்ப்பார்கள். ஒவ்வொரு தோல்விக்கும் 1 புள்ளி கூடும். மொத்தம் குறைவாக இருப்பவர் மேலே. ஆக ஒரு தோல்வியின் விலை அட்டவணையில் 25 இடம். 2003-ல் எல்எஸ்யூ 5.99, யுஎஸ்சி 6.15. வித்தியாசம் 0.16, அதாவது அட்டவணை வரிசையில் நான்கு இடம். பத்திரிகையாளர்கள், பயிற்சியாளர்கள் என்ற இரண்டு பெரிய வாக்கெடுப்புகளிலும் முதலிடத்தில் இருந்த யுஎஸ்சி இறுதிப் போட்டிக்கு வெளியே நின்றது. கான்ஃபரன்ஸ் இறுதியில் கான்சஸ் ஸ்டேட்டிடம் 35-7 என்று உதைபட்ட ஓக்லஹோமா உள்ளே போனது. அடுத்த ஆண்டே சூத்திரத்தை மாற்றி, அட்டவணைக்கென்று இருந்த தனிப் பகுதியைத் தூக்கிவிட்டார்கள்.

பிசிஎஸ் பயன்படுத்திய கணினி முறைகளில் முழுச் செய்முறையும் வெளியிடப்பட்டிருந்தது கோலி முறை ஒன்றுதான். கையாலேயே போட்டுப் பார்க்கலாம். வெற்றியிலிருந்து தோல்வியைக் கழித்துப் பாதியாக்கு. எதிரணிகளின் மதிப்புகளைக் கூட்டிச் சேர். 1 சேர். ஆட்ட எண்ணிக்கையோடு 2 கூட்டி, அதனால் வகு. சராசரி 0.5 எதிரணிகளோடு 12-0 என்றால் 1 + 6 + 6 = 13, வகுத்தல் 14, விடை 0.929. சராசரி 0.6 எதிரணிகளோடு 11-1 என்றால் 1 + 5 + 7.2 = 13.2, வகுத்தல் 14, விடை 0.943. தோற்ற அணி மேலே போய்விட்டது. அதே அட்டவணையில் 10-2 என்றால் 0.871, கீழே இறங்கிவிடும். ஒரு தோல்வியை ஈடுகட்ட எதிரணிச் சராசரி பன்னிரண்டில் ஒன்று, அதாவது 0.083, கூட வேண்டும். எதிரணிகளின் மதிப்பும் இதே சூத்திரத்திலிருந்து வருவதால் எல்லா அணிகளுக்கும் ஒரே சமயத்தில் தீர்க்க வேண்டும், அதற்குத்தான் கணினி. இதிலும் சறுக்கல் நடந்திருக்கிறது. 2010-ல் ஒரே ஒரு எஃப்சிஎஸ் பிளே-ஆஃப் ஆட்டத்தின் முடிவு உள்ளீட்டில் விடுபட்டுப்போய், இறுதி பிசிஎஸ் பட்டியலில் எல்எஸ்யூவும் பாய்ஸி ஸ்டேட்டும் 10, 11 இடங்களை மாற்றிக்கொண்டன. செய்முறை வெளியே இருந்ததால்தான் அது பிடிபட்டது.

இன்று பிளே-ஆஃப் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவிடம் இப்படி விலைப்பட்டியல் கிடையாது. அட்டவணை வலு, நேருக்கு நேர் முடிவு, பொது எதிரணிகள், கான்ஃபரன்ஸ் பட்டம் என்று தலைப்புகள் உண்டு, எடை இல்லை. 2025-ல் பழைய அட்டவணை அளவைத் திருத்தி, வலுவான எதிரணிகளோடு ஆடிய ஆட்டங்களுக்கு எடை கூட்டினார்கள். ஒவ்வொரு முடிவையும் எதிரணியின் தரத்தோடு சேர்த்துப் பார்க்கும் புதிய அளவொன்றும் வந்தது. திசை சரி. நான் நம்பும் அளவுகோலும் இந்த வகைதான்: உங்கள் அணியை எடுத்துவிட்டு, அதே அட்டவணையில் 12-ஆம் இடத்து அணி ஒன்றை ஆடவிட்டால் எத்தனை வெற்றி எதிர்பார்க்கலாம்? எதிர்பார்ப்பு 9.2, நீங்கள் 10 என்றால் 0.8 கூடுதல். எதிர்பார்ப்பு 11.1, நீங்கள் 11 என்றால் சற்றுக் குறைவு. கடினமும் தோல்வியும் ஒரே அலகுக்கு வந்துவிடுகின்றன.

இந்த முறையின் இன்னொரு நன்மை, அட்டவணையை மொத்தமாகச் சாக்குச் சொல்ல விடாது. 2024-ல் பிளே-ஆஃப் இடம் கிடைக்காத 9-3 அலபாமாவுக்குப் பேசியவர்கள் ஜார்ஜியாவை 41-34 என்று வென்றதையும் எஸ்இசியின் கடினத்தையும் அடுக்கினார்கள். உண்மைதான். ஆனால் மூன்று தோல்விகளில் இரண்டு எங்கே வந்தன? 6-6 என்று முடித்த வாண்டர்பில்ட்டிடம் 40-35, அதே 6-6 ஓக்லஹோமாவிடம் 24-3. அட்டவணையின் கடினமான பக்கத்தில் ஜெயித்து, எளிதான பக்கத்தில் தோற்றுவிட்டு, கடினத்தைக் காரணம் காட்டினால் அது ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலான கதை. இடத்தைப் பெற்ற எஸ்எம்யூவின் இரு தோல்விகள் 10-2 பிஒய்யூவிடம் 18-15, கான்ஃபரன்ஸ் இறுதியில் கடைசி உதையில் கிளெம்ஸனிடம் 34-31. அந்த எஸ்எம்யூ பிறகு பென் ஸ்டேட்டிடம் 38-10 என்று நொறுங்கியதே என்பார்கள். நொறுங்கியது. அது யார் பலசாலி என்பதற்கான பதில், யார் சம்பாதித்தார் என்பதற்கு அல்ல.

இந்த இரண்டையும் குழப்புவதுதான் பாதி வாக்குவாதம். பலத்தை முன்கூட்டிச் சொல்லும் எஸ்பி பிளஸ், எஃப்பிஐ போன்றவை ஆட்டத்துக்குள் அணி எப்படி ஆடியது என்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். நாளைய ஆட்டத்தைக் கணிக்க அவை நல்லவை. சம்பாதித்ததைக் கணக்கெடுக்க வெற்றி தோல்வியும் எதிரணியும் போதும். 2023-ல் 13-0 ஃபுளோரிடா ஸ்டேட்டை வெளியே தள்ளி 12-1 அலபாமாவை எடுத்தபோது, காயமடைந்த குவார்ட்டர்பேக்கைக் காரணம் காட்டிக் குழு யார் பலசாலி என்ற கேள்விக்குப் பதில் சொன்னது. ரசிகர்கள் கேட்டது யார் சம்பாதித்தார் என்று.

"டாப் 25 வெற்றி" என்ற எண்ணிக்கையையும் நம்பி ஏமாறாதீர்கள். 2024 சீசனின் முதல் ஆட்டத்தில் ஜார்ஜியா டெக் டப்ளினில் வைத்து 10-ஆம் இடத்து ஃபுளோரிடா ஸ்டேட்டை 24-21 என்று வென்றது. அந்த ஃபுளோரிடா ஸ்டேட் முடித்தது 2-10. சீசனுக்கு முந்தைய தரவரிசை வெறும் ஊகம். எதிரணி டிசம்பரில் எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 25-ஆம் இடத்தை வென்றால் ஒரு நட்சத்திரம், 26-ஐ வென்றால் ஒன்றுமில்லை என்பதும் அபத்தம். பயிற்சியாளர்கள் வாக்கெடுப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தன் அணிக்கும் தானே ஓட்டுப் போடலாம், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

2025-ல் மயாமியும் நோட்டர் டேமும் 10-2. முதல் வாரத்திலேயே மயாமி 27-24 என்று வென்றிருந்தது. ஆனாலும் குழு வாரக்கணக்கில் நோட்டர் டேமை மேலே வைத்திருந்தது. நடுவில் இருந்த பிஒய்யூ கான்ஃபரன்ஸ் இறுதியில் தோற்று நகர்ந்து, இரண்டும் அடுத்தடுத்து வந்த கடைசிப் பட்டியலில்தான் அந்த முடிவு கணக்கில் ஏறியது. இரண்டு அணிகளை ஒப்பிட, மூன்றாவது அணி வழிவிடும்வரை காத்திருந்த முறை அது. ஆகஸ்டில் நடந்த ஆட்டம் நவம்பர் முழுக்கத் தெரியாமல் இருந்துவிட்டு டிசம்பரில் திடீரென்று தெரிந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

2026-லிருந்து எஸ்இசி எட்டுக்குப் பதில் ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டம் ஆடுகிறது. 16 அணிகள், ஆளுக்கு ஒரு ஆட்டம் கூடுதல் என்றால் மொத்தம் எட்டு ஆட்டம். எட்டு வெற்றி, எட்டு தோல்வி. அந்த ஆட்டம் இல்லாவிட்டால் தோற்ற எட்டு அணிகளில் பலவும் அந்த வாரம் ஏதோ ஒரு பலவீனமான அணியை அடித்து அனுப்பியிருக்கும். 10-2 என்று முடித்திருக்க வேண்டிய அணி 9-3 என்று வந்து நிற்கும்போது, குழு அந்தக் கூடுதல் தோல்விக்கு என்ன விலை வைக்கிறது என்பதைப் பார்த்துத்தான் விளையாட்டுத்துறை இயக்குநர்கள் அடுத்த பத்தாண்டுக்கு யாரோடு ஆடுவது, யாரை ரத்து செய்வது என்று ஒப்பந்தம் போடுவார்கள்.