தோட்டமும் சேர்த்தியா?

தண்ணீர்க் குழாய் கேட்ட எங்கள் விண்ணப்பம் பற்றிய அந்தக் கூட்டக் குறிப்பின் நான்காம் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: "தோட்டப் பகுதி இத்திட்டத்தில் அடங்காது என்பதை விண்ணப்பதாரர் உறுதிப்படுத்தினார்." விண்ணப்பதாரர் என்று அதில் குறிக்கப்படுவது நான்தான். மலாய் மொழியில் தட்டச்சு செய்யப்பட்ட அந்த ஒற்றை வரியை எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதில் பொய் ஏதும் இல்லை, சங்கடமே அதுதான்.

நடந்தது மிகச் சிறிய விஷயம். கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து, "தோட்டமும் சேர்த்தியா, புவான்?" என்று கேட்டார். "இல்லை, துவான். சந்தி வரைக்கும்தான்" என்றேன். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே மூச்சு விடும் நேரம்கூட இருக்கவில்லை. என் வலப்பக்கம், நான் அண்ணன் என்று அழைக்கும் லயத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். தோட்டத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகள் முப்பத்து நான்கிலும் ஞாயிறு ஞாயிறாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவர் அவர்தான். கோயில் கமிட்டியில் செயலாளர். பால்மரக் (ரப்பர்) காலத்தில் வெட்டுக்குப் போய், பிறகு செம்பனையில் (எண்ணெய்ப்பனை) குலை அறுத்து ஓய்வு பெற்றவர். பதில் சொல்வதற்கு முன் அவர் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

விண்ணப்பம் தண்ணீருக்கானது. கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் வீடுகளில் மாலை ஆறு மணிக்கு மேல் குழாயில் நூல் போலத்தான் தண்ணீர் வரும். தோட்டத்துக்குள்ளோ குளத்துத் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றி லயத்துக்கு விடுகிறார்கள். அண்ணன் வீட்டுக் குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். அது பேரனின் பழைய பள்ளிச் சட்டையிலிருந்து கிழித்தது. ஞாயிற்றுக்கிழமை புதிதாகக் கட்டினால் புதன்கிழமைக்குள் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். அவிழ்த்துப் பிழிந்தால் விரலிடுக்கில் வண்டல் நிற்கும். இரண்டு குறைகளையும் ஒரே கோப்பில் சேர்த்தவள் நான். லயத்து வீடுகளின் பட்டியலும் கையெழுத்துகளும் ஏழாம் பக்கத்திலிருந்து தொடங்கின.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தோட்டம் தனியார் நிலம். அரசாங்கப் பணத்தில் அங்கே குழாய் பதிக்க வேண்டுமானால் நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் முதலில் வேண்டும். அந்தக் கடிதத்துக்கு நாங்கள் நடந்த நடை எங்கள் சேவை மையத்தில் எல்லாருக்கும் தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்தாயிரம் பேருக்குக் குறைந்த எங்கள் ஊர் முழுவதுமே நகர்ப்புறம் இல்லை, கிராமப்புறம்தான். ஆனால் கிராமப்புற மேம்பாட்டுக்கென்று பணம் வரும்போது மட்டும் தோட்டம் கிராமம் ஆவதில்லை. கம்பத்துக்கு, அதாவது மலாய்க் கிராமத்துக்கு, தலைவர் உண்டு, கிராமக் குழு உண்டு, கோப்பில் ஒப்பமிட ஆள் உண்டு. லயத்துக்கு யார் ஒப்பமிடுவது? மானேஜரா, கோயில் கமிட்டியா?

தோட்டத்து மக்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறதே என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது. மலேசியாவில் 1990-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 446-ஆம் சட்டத்தின்படி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை. ஆகவே ஊர்ப்பக்கத்துக்கு அரசாங்கம், தோட்டத்துக்கு நிர்வாகம், மீறினால் தொழிலாளர் இலாகா என்று மனத்துக்குள் பங்கு பிரித்துவிட்டேன். தாளில் அது சரியான பங்கீடுதான். ஆனால் அந்த முப்பத்து நான்கு வீடுகளில் இன்றும் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவர்கள் ஐந்தாறு பேரே. வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும். அவர்களுக்குத் தனிக் குடியிருப்பு. பழைய லயத்தில் இருப்பவர்கள் ஓய்வு பெற்றவர்கள், அவர்களின் விதவைகள், நகரத்துத் தொழிற்சாலைக்குப் பேருந்தில் போய்வரும் பிள்ளைகள். சட்டம் தேடும் தொழிலாளியும் அவர்கள் இல்லை, திட்டம் தேடும் கிராமத்தாரும் இல்லை. இதை அந்த அறையில் இருந்தவர்களில் என்னைவிட நன்றாக அறிந்தவர் அண்ணன் ஒருவர்தான்.

இன்னொரு காரணமும் சொல்வேன், அது வலுவானது. அப்போது செப்டம்பர் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு ஒதுக்கீட்டை டிசம்பருக்குள் செலவழிக்காவிட்டால் கருவூலத்துக்குத் திரும்பிவிடும். தோட்டத்தையும் சேர்த்துக் கேட்டிருந்தால் கோப்பு சம்மதக் கடிதத்துக்காகத் திரும்பும். திரும்பினால் ஊர்ப்பக்கத்து வீடுகளுக்கும் இல்லை. எல்லாருக்கும் கிடைக்காது என்ற நிலையில் பாதிப் பேருக்காவது வாங்கியது தவறா? சேவை மையத்தில் பன்னிரண்டு ஆண்டு இருந்துவிட்ட எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் நான் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

இவ்வளவு நியாயமும் எனக்குத் தோன்றியது பதில் சொன்ன பிறகுதான். அந்த அதிகாரி, 'தோட்டம் இருந்தால் திருப்பி அனுப்புவேன்' என்று சொல்லவே இல்லை. சேர்த்தியா என்று மட்டுமே கேட்டார். வரைபடத்தில் எல்லைக்கோடு தெளிவாக இல்லாததால், பொறியாளருக்குச் சொல்வதற்காகக் கேட்டிருக்கலாம். இளைஞர், பேச்சில் மரியாதையும் பொறுமையும் இருந்தன. "ஆம், சேர்த்தி; என்ன செய்யலாம் சொல்லுங்கள்" என்று நான் கேட்டிருந்தால், வழி இல்லை என்று அவரே சொல்லியிருப்பார்; அப்போது குறிப்பில் அவருடைய மறுப்பு ஏறியிருக்கும், என்னுடைய உறுதிப்பாடு ஏறியிருக்காது. கோப்பை இரண்டாகப் பிரித்து ஊர்ப்பக்கத்தை முன்னே அனுப்பவும் முடிந்திருக்கலாம். அவர் மறுக்க வேண்டிய வேலையை அவருக்காக நான் முந்திக்கொண்டு செய்துவிட்டேன். பலமுறை மறுப்பு வாங்கிப் பழகியவர்கள், கேட்பதற்கு முன்பே தங்களைச் சுருக்கிக்கொள்கிறார்கள் போலும். இப்படி எழுதும்போதே, இதுவும் ஒரு சாக்குத்தானோ என்று தோன்றுகிறது. மறுப்பு வாங்கியவர்கள் லயத்துக்காரர்கள். நான் கிராணி மகள்; தோட்ட அலுவலக எழுத்தரின் மகள். எங்கள் வீடு மேட்டில் இருந்தது. லயத்தில் தண்ணீர் கலங்கிய நாள்களிலும் எங்கள் தொட்டி தெளிவாகத்தான் இருந்தது.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் சுத்தமான பிரதி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து ஏழாம் பக்கத்திலிருந்து பிரிக்க முயன்றேன். ஸ்டேப்பிள் ஊசி அசையவில்லை, நகம்தான் மடங்கியது. அண்ணன் சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, அதன் நுனியால் ஊசியை நெம்பி, பக்கங்களைத் தனியே எடுத்து என் கையில் கொடுத்தார். "சந்தி வரைக்கும்னாலும் வரட்டும் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான் பேசினார். அதைச் சம்மதம் என்று பல நாள் நம்பினேன். ஆயுள் முழுவதும் பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நின்று, இன்றைக்கு எந்த நிரைக்குப் போவது என்பதைப் பிறர் சொல்லக் கேட்டுப் பழகிய ஒருவர், முடிந்துபோன விஷயத்துக்கு வேறு என்ன சொல்வார் என்று பிறகு தோன்றியது. இப்படி நினைப்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும் என்றும் தோன்றியது. அவருடைய தந்தை, தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக 1960-இல் அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் பத்து வெள்ளி (அக்கால நாணயம்) கட்டியவர். நிலம் யாருடையதோ தண்ணீரும் அவருடையது என்பதை அந்தக் குடும்பத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குழாய் வந்தது. டிசம்பருக்குள் சந்திவரை பதித்தார்கள். நன்றிப் பதாகை கட்டப்பட்டது, படத்தில் நானும் நிற்கிறேன். கடைத்தெருப் பக்கம் இப்போது இரவு எட்டு மணிக்கும் மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் செய்தது சரி என்று நினைக்கிறேன். மறு ஆண்டு தோட்டத்துக்கென்று தனியாக விண்ணப்பித்தபோது வந்த பதிலில், முந்தைய கூட்டக் குறிப்பின் நான்காம் பத்தியை மேற்கோள் காட்டியிருந்தார்கள். தேவை என்ற அளவில் அப்பகுதி முன்னர் முன்வைக்கப்படவில்லை என்று அதற்குப் பொருள் கொண்டிருந்தார்கள். என் வாயிலிருந்து வந்த சொல், அவர்களுடைய வாதமாகிவிட்டது.

இந்த மாதம் மறுபடியும் எழுதுகிறேன். 'தனியார் நிலமா?' என்ற கட்டத்தில் ஆம் என்று குறித்து, சம்மதக் கடிதம் கேட்டு நிர்வாகத்துக்கு அனுப்பிய மூன்று கடிதங்களின் நகல்களையும் இணைத்திருக்கிறேன். அன்று பிரித்தெடுத்த பக்கங்கள் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தன; மூலையில் சாவி கிழித்த தடம் அப்படியே இருக்கிறது. கையெழுத்திட்டவர்களில் மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களில் ஒருவர் கட்டைவிரல் ரேகை வைத்தவர். அந்தப் பெயர்களை நீக்குவதா, வைத்துக்கொள்வதா என்று இம்முறை அண்ணனிடம் கேட்டேன். அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, வீடுகளில் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி எடுத்துச் சென்றிருக்கிறார். இன்னும் திரும்பி வரவில்லை. விண்ணப்பத்துக்கான கடைசி நாள் வெள்ளிக்கிழமை.