மாஸ்க் போடாம வந்த ரேடார்

கொரியப் போர்ல ஒரு அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிய பத்தின மேஷ் (M*A*S*H) டிவி சீரியல்ல மூணாவது சீசன் கடைசி எபிசோட், 1975 மார்ச் 18 வந்தது, அதோட முடிவ மட்டும் எத்தன தடவ பாத்திருப்பேன்னு தெரியல. கமாண்டர் ஹென்ரி பிளேக்க வீட்டுக்கு அனுப்பி வச்சாச்சு, மத்த டாக்டருங்க கொரியாவுல ஆபரேஷன் தியேட்டர்ல, அதான் ஓ.டி.ல நிக்கிறாங்க. ஆஸ்பத்திரி கிளார்க் ரேடார் உள்ள வர்றான், மூஞ்சில மாஸ்க் இல்ல. மாஸ்க் போடுன்னு சர்ஜன் டிராப்பர் சொல்றது அவன் காதுலயே விழல. ஹென்ரி போன விமானத்த ஜப்பான் கடல் மேல சுட்டுட்டாங்க, யாரும் பிழைக்கல. அந்தச் செய்திய படிச்சுட்டு நிக்கிறான். எல்லாரும் அழறாங்க, ஆனா தையல் போடுறது நிக்கல.

ரேடார் சொன்னான், நான் சொல்லல. நான் ஓ.டி. நர்ஸ். அன்னைக்கு 10.40க்கு ஓ.டி. போன் அடிச்சப்ப எடுத்தது நான்தான், ஆபரேஷன் பண்ணிட்டு இருந்த சர்ஜன் சாரோட அம்மா தவறிட்டாங்கன்னு அவர் தம்பி சொன்னாரு. பேஷண்ட் வயிறு திறந்து கிடக்கு, குடல்ல பாதி தையல் ஆகியிருக்கு, கூட நிக்கிறது மேல்படிப்பு படிக்கிற ஒரு பி.ஜி. டாக்டர் பையன் மட்டும், வேற சர்ஜன் அன்னைக்கு இல்ல. என்ன பண்ணச் சொல்றீங்க? முடிக்கட்டும்னு இருந்துட்டேன். போனவங்க போயிட்டாங்க, அம்பது நிமிஷத்துல என்ன மாறிடப்போகுதுன்னு அப்ப தோணுச்சு.

வயிற மூடுறதுக்கு முன்னாடி வழக்கம்போல கேட்டாரு, "கவுண்ட் சரியா சிஸ்டர்?"

"சரி சார்."

உள்ள எதுவும் விட்டுடலையான்னு எண்ணிப் பாக்குறதுதான் கவுண்ட்; ரத்தம் ஒத்துற மாப் துணி, ஊசி எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, நான் பொய் சொல்லல. ஆனாலும் அந்த "சரி சார்" இன்னும் தொண்டையில நிக்குது. வெளிய வந்து க்ளவுஸ கழட்டினப்புறம் சொன்னேன். "போன் எப்ப வந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டாரு. சொன்னேன். சுவத்துல கடிகாரத்த பாத்தாரு, 11.30. ஒண்ணும் பேசாம போயிட்டாரு. திட்டியிருந்தா கூட பரவாயில்ல.

ரேடார் செஞ்சதுதான் சரியோன்னு அப்பப்ப தோணும். அப்புறம் இதையும் யோசிப்பேன், அந்தக் கடைசி பக்கத்த நடிகர்கள் பெரும்பாலானவங்களுக்கு எடுக்கிற நேரம் வரைக்கும் காட்டாம வச்சிருந்தாங்க, அந்த அமைதியில ஏதோ ஒரு கருவி கீழ விழற சத்தம் கேக்கும், அதையும் அப்படியே விட்டுட்டாங்க. நடிப்புக்கே கை நழுவுதுன்னா எங்க சாருக்கு நழுவாதா? பேஷண்ட் நல்லபடியா வீட்டுக்கு போனாரு, நான் செஞ்சது தப்பே இல்ல.

ஆனா சாருக்கு கை நடுங்கும்னு முடிவு பண்ணது யாரு, நான்தானே. இருபது வருஷமா ஆபரேஷன் பண்ற மனுஷன், முடிச்சுட்டுதான் போவேன்னு அவரே சொல்லியிருக்கலாம், இல்ல ஒரு நிமிஷம் நின்னுட்டு தொடர்ந்திருக்கலாம். அந்த அம்பது நிமிஷமும் அவர் அம்மா உயிரோட இருக்காங்கன்னு நினைச்சு தச்சுட்டு இருந்தாரு, எதிர்ல நான் ஊசி எடுத்து குடுத்துட்டு இருந்தேன்.