உன்ரை உயரத்தை நீயே சொல்லு

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஓட்டமும் பாய்தலும் எறிதலும் பழக்கிய மாஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி நம் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் வந்தபோது, அஞ்சலி எழுதியவர்களில் பாதிப்பேர் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அளவையும் போட்டிருந்தார்கள். "உயரம் பாய்தல், ஐந்தடி இரண்டு." "குண்டு போடுதல், முப்பத்தாறு அடி." ஊரில் இருப்பவர், லண்டனில் இருப்பவர், சிட்னியில் இருப்பவர், எல்லோரும். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

எங்கள் அளவுகளை எழுதும் அந்தக் கொப்பியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்கும் வாரங்களில், பின்னேரப் பயிற்சி முடிந்து வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்போம். கொப்பி கைமாறும். பாய்ந்தவன் தானே எழுத வேண்டும், தானே உரத்து வாசிக்க வேண்டும். மாஸ்டர் ஒருநாளும் எங்களுக்காக வாசித்ததில்லை. கூட்டிச் சொன்னவனை ஒரு பார்வையோடு விட்டுவிடுவார். குறைத்துச் சொன்னவனையும் முணுமுணுத்தவனையும்தான் விடமாட்டார்.

நான் முணுமுணுப்பவன். ஒன்பதாம் வகுப்பில் முதல் முறை குழுவில் சேர்ந்த வாரம், நாலடி பதினொன்று என்று எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். "ஆருக்குச் சொல்லுறாய்? மதிலுக்கு அங்காலை நிக்கிற சனத்துக்குக் கேக்கோணும்" என்றார். திரும்பச் சொன்னேன். போதாது. அண்ணன்மார் எல்லோரும் நிற்க, இன்னும் உரத்து, இன்னும் உரத்து. கடைசியில் குரல் உடைந்து, அழுகையோடு கத்தினேன். மதிலுக்கு அப்பால் சைக்கிளில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். "சரி, இப்ப இரு" என்றார் மாஸ்டர். அந்தத் தவணை முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

என் மகள் இங்கே ரொறன்ரோவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து உயரம் பாய்கிறாள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துக்கொண்டே பாய வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் உயர்பள்ளிப் பிள்ளைகளைத் தேடித் தெரிவுசெய்யும் முறை ஒரு தனி உலகம். நம்மவர்களில் பலருடைய பிள்ளைகள் நீச்சல், உதைபந்து, கூடைப்பந்து என்று அதே வாசலில் நிற்பது தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ என்ற அமைப்புக்குள் மூன்று பிரிவுகள். முதலிரண்டு பிரிவுகளில் விளையாட்டுக்கான உதவிப்பணம் உண்டு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு சதமும் கிடையாது. முதற் பிரிவிலேயே இருந்தாலும் ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்காகப் பணம் தருவதில்லை. ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருவார்கள், அது சிலவேளை விளையாட்டுப் பணத்தைவிடக் கூடுதலாக இருக்கும். மெய்வல்லுநர் போட்டிகளில் முழுச் செலவையும் தரும் இடம் அபூர்வம். இருக்கிற பணத்தைப் பயிற்றுநர் பல பேருக்குப் பிரித்துக் கொடுப்பார். "முழு ஸ்கொலர்ஷிப்பாமே?" என்று கல்யாண வீடுகளில் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அடுத்தது படிப்பு. முதற் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும், அவற்றில் சராசரி (4.0க்கு) 2.3க்குக் குறையக் கூடாது. 10 பாடங்களைக் கடைசி வருடம் தொடங்க முன்னரே முடித்திருக்க வேண்டும். எந்தப் பாடம் கணக்கில் சேரும் என்பதை என்.சி.ஏ.ஏயின் தகுதி பார்க்கும் நிலையம்தான் தீர்மானிக்கும். பள்ளிக்கூடத்தில் கேட்டால் சரியாகச் சொல்வார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே பட்டியலை எடுத்து நீங்களே பாருங்கள்.

முதற் பிரிவின் பெரும்பாலான விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15க்கு முன் பயிற்றுநர்கள் பிள்ளைக்குத் தனிப்பட்ட பதில் எழுதக் கூடாது. பிள்ளை எழுதலாம், பதில்தான் வராது. இது தெரியாத பிள்ளைகள் தங்களை யாருக்கும் வேண்டாம் என்று நினைத்து உடைந்துபோகிறார்கள். அதேபோல கோடைப் பயிற்சி முகாமுக்கு வாருங்கள் என்று வரும் பளபளப்பான கடிதங்களைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம். அவை ஆயிரம் பேருக்குப் போகின்றன. மகளின் ஓட்ட வளைவைப் பற்றி, மிதித்து எழும்பும் காலைப் பற்றி யாராவது கேள்வி கேட்டு எழுதினால், அவர் வீடியோவைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

முக்கியமான விஷயம், எழுதுவது பிள்ளையாக இருக்க வேண்டும். தகப்பன் எழுதிய கடிதத்தைப் பயிற்றுநர்கள் இரண்டு வரியில் கண்டுபிடித்துவிடுவார்கள். மகள் எழுதிய முதல் கடிதத்தை எனக்குக் காட்டினாள். தன்னைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி, காலநிலையைப் பற்றிக்கூட எழுதியிருந்தாள். பாய்ந்த உயரம் கடைசி வரியில் ஒளிந்திருந்தது, ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல. எனக்கு நெஞ்சு அடைத்தது. வேப்பமரத்தடியில் நின்ற பெடியன்தான் அங்கே ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

அது 2024. அந்த ஏப்ரலில்தான் எதிர்வீரசிங்கம் ஐயா லொஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். யாழ். மத்திய கல்லூரி மாணவன், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக், 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம். இடையில் யூ.சி.எல்.ஏ பல்கலைக்கழகத்தில் படித்து அதன் அணிக்காகப் பாய்ந்தவர். இந்தக் கதையை மாஸ்டர் ஒவ்வொரு வருடமும் சொல்வார், நாமும் ஒவ்வொரு வருடமும் வாய் பிளந்து கேட்போம். மணல் கிடங்கில் விழுந்து பழகிய ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை அமெரிக்காவில் பாய்ந்தான் என்பதில் அவருக்கு இருந்த பெருமை, சொந்த மகனைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும். 1968இல் அமெரிக்கரான ஃபொஸ்பரி மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் முதுகால் பாய்ந்து தங்கம் வென்ற பிறகு உலகமே மாறியது. எங்களுக்கு மாறவில்லை. மணலில் முதுகால் விழுந்தால் கழுத்து போய்விடும் என்று மாஸ்டர் அதைப் பழக்கவில்லை. மெத்தை வந்தால் பழக்குவேன் என்பார். நான் இருந்த காலம்வரை மெத்தை வரவில்லை.

ஐயாவின் மறைவைப் பற்றிக் கதைக்கத்தான் மாஸ்டருக்கு ஃபோன் எடுத்தேன். பேச்சோடு பேச்சாக மகளின் கடிதத்தைச் சொன்னேன். "பிள்ளையிட்டைக் குடு" என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"எவ்வளவு பாய்ஞ்சனி?"

"ஒன்று தசம் ஆறு எட்டு, தாத்தா."

"அடியிலை சொல்லு."

"அஞ்சரை."

"கேக்கேல்லை பிள்ளை. உரத்துச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. உரத்துச் சொன்னாள். "அப்பிடித்தான். உன்ரை உயரத்தை நீயே சொல்லு. கொப்பர் சொல்லக் கூடாது" என்றார். அப்புறம் மெத்தை எவ்வளவு தடிப்பு, வலது காலால் எழும்புகிறாளா இடது காலாலா என்று அரைமணித்தியாலம் கதைத்தார்.

அன்றிரவே கடிதத்தை மாற்றினாள். தலைப்பிலேயே பெயர், 2026 வகுப்பு (அந்த வருடம் உயர்பள்ளி முடிப்பவள்), உயரம் பாய்தல், 1.68. பிறகு படிப்பு. பிறகு வீடியோ. வேறொன்றும் இல்லை. ஜூன் 15க்குப் பிறகு பதில்கள் வரத் தொடங்கின.

எல்லாம் இலகுவாக நடந்துவிடவில்லை. ஒரு பயிற்றுநர் வாயால் இடம் தருவதாகச் சொன்னார், நாங்களும் நம்பினோம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு சமரசத்தால், அதில் சேர்ந்த முதற் பிரிவுப் பல்கலைக்கழகங்களில் பழைய உதவிப்பண வரம்புகள் போய், அணிக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்தது. மெய்வல்லுநர் அணிகளுக்கு 45. அதன்பின் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வாய்ச்சொல் இரு பக்கத்தையும் கட்டாது என்பது விதி. ஆனாலும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய அடி. அவளே ஃபோன் எடுத்து, இடம் இருக்கிறதா இல்லையா என்று நேராகக் கேட்டாள். இல்லை என்றார். நன்றி சொல்லி வைத்தாள். நவம்பரில் வேறொரு பல்கலைக்கழகத்தின் உதவிப்பண ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள். அதை மாஸ்டருக்குச் சொல்ல முடிந்தது, அவ்வளவு காலம் இருந்தார்.

நான் 1986இல், ஐந்தடி எட்டுப் பாய்ந்த வருடம், அடுத்த போட்டிக்கு முன் வெளிக்கிட்டு வந்தவன். வந்திருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன், அந்த வருடங்களில் எங்கள் வயதுப் பெடியளுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நாங்கள் ஒவ்வொருவராகப் போகப் போக, மாஸ்டர் புதுப் பெயர்களை எழுத வைத்துக்கொண்டே இருந்தார். என்னைவிட உயரப் பாய்ந்தவர்கள் எனக்குப் பின் வந்தார்கள் என்று அவரே சொன்னார். அவர்களின் அளவுகள் மதிலைத் தாண்டி எங்கும் போகவில்லை. அவர் ஓய்வுபெற்ற பின் மாலையில் அந்தக் கிடங்கைக் கொத்திவிட நம்மில் ஒருவன்கூட ஊரில் இல்லை என்பது இப்போது மிகவும் உறுத்துகிறது.

நம் பழைய மாணவர் சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன். கட்டடத்துக்கும் வாசல் வளைவுக்கும் கொடுத்தோம், நல்லது. இந்த வருடம் பாய்தல் மெத்தை ஒன்று வாங்குவோம். அங்கே பாயும் பிள்ளைகளின் வீடியோ எடுக்க, க.பொ.த. பெறுபேறுகளைத் தகுதி நிலையத்துக்கு அனுப்ப, ஆங்கிலத்தில் தாங்களே கடிதம் எழுதப் பழக்க, இங்கே இந்த வழியால் போய்வந்த பெற்றோரும் பிள்ளைகளும் முன்வர வேண்டும். என் மகள் சனிக்கிழமைகளில் சூமில் வர ஒத்துக்கொண்டிருக்கிறாள். மற்றவர்கள் இந்த மலரை வெளியிடும் குழுவிடம் பெயர் கொடுங்கள்.