இரண்டாவது லாரி எடுக்கும் முன் பழைய பில்களைப் பிரித்துப் பார்த்தேன்

சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போகும் வண்டி எங்களுடையது. திரும்பும்போது நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குச் சோயா புண்ணாக்கு. ஒரே ஒரு பத்து சக்கர வண்டியை ஏழு வருடம் ஓட்டிய பிறகு, போன வருடம் இன்னொன்று எடுக்கத் துணிந்தேன். லேலண்டா, டாடாவா, பாரத்பென்ஸா, ஐஷரா? ஆளுக்கொன்று சொன்னார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிப் பேர் பழைய வண்டியை மனதில் வைத்துப் பேசினார்கள். 2017-ல் பி.எஸ்.4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுக்க வந்தபோது லேலண்ட், புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும், யூரியா தேவைப்படாத ஐ.ஈ.ஜி.ஆர். முறையைக் கொண்டுவந்தது, பாரத்பென்ஸுக்கோ புகையைச் சுத்தம் செய்ய யூரியா கரைசல் ஊற்ற வேண்டும். எந்த வண்டிக்கு ரோட்டோர மெக்கானிக்கே போதும் என்ற பேச்சுக்கெல்லாம் அப்போது அர்த்தம் இருந்தது. 2020 ஏப்ரலில் அதைவிடக் கடுமையான பி.எஸ்.6 வந்தபின் இந்த நாலு கம்பெனியின் பெரிய வண்டிகளிலும் யூரியா டேங்க், புகை வடிகட்டி, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் எல்லாம் உண்டு. சென்சார் போனால் எஞ்சின் தானே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். ஸ்கேனர் மாட்டாமல் காரணம் தெரியாது. அதனால் பி.எஸ்.6 வண்டியை இரண்டு வருடமாவது ஓட்டியவர்களிடம் மட்டும் கேட்பது என்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம் என் பில் கட்டை எடுத்தேன். டயர், கிளட்ச் பிளேட், பிரேக் லைனர், ஸ்பிரிங் பட்டை எல்லாவற்றையும் தனியே ஒதுக்கினேன். லோடும் டிரைவரின் காலும் தின்னும் செலவு அது, எந்த வண்டிக்கும் வரும். மிஞ்சியதில் என்னை உலுக்கியது ஒரே ஒரு பில். அடிலாபாத் பக்கம் கியர் பாக்ஸ் போய், சாமான் வர ஆறு நாள் ஆனது. ரிப்பேருக்குக் கொடுத்ததைவிட டிரைவர் படி, தவணை, கைவிட்டுப் போன ரிட்டன் லோடு எல்லாம் சேர்ந்த நஷ்டம் அதிகம். அந்த ஆறு நாளும் எனக்குத் தூக்கமில்லை.

அதன்பின் நான் கேட்டது ஒரே கேள்வி: வண்டி நின்றால் எத்தனை நாள் நிற்கும்? ஓசூர், அனந்தபூர், கர்னூல், ஹைதராபாத், நாக்பூர் என்று வழியிலுள்ள சர்வீஸ் சென்டர்களுக்குப் போன் போட்டேன். நாக்ஸ் சென்சார், யூரியா பம்ப், இன்ஜெக்டர் மூன்றும் இப்போது கையிருப்பில் உண்டா, விலை என்ன என்று கேட்டுக் குறித்தேன். இரண்டு கம்பெனிகள் அங்கேயே கழிந்தன. மிச்சமிருந்த இரண்டின் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் வரிவரியாகப் படித்தேன். எது சேரும் என்பதைவிட எது சேராது என்ற பக்கத்தைத்தான் படிக்க வேண்டும். கிளட்ச், லைனர், ரப்பர் சாமான் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

எதை எடுத்தேன் என்று சொல்லப் போவதில்லை. நான் பார்த்தது என் ரூட்டுக்கு. குஜராத் பக்கம் ஓட்டுபவர் போன் போட்டால் வேறு பதில் வரலாம். புது வண்டி பதினொரு மாதம் ஓடிவிட்டது. ஒரு நாள் நின்றது, கர்னூலில், யூரியா பம்ப். காலையில் விட்டோம், சாயங்காலம் லோடோடு கிளம்பிவிட்டது.