தனி சுவிட்ச்

"பிரைட் போட்டா இதுவும் சேர்ந்து எரியணுமுங்ணா."

மேகமூட்டத்தில் ரோடு தெரிவதற்காகப் பம்பரில் மாட்டுகிற ஃபாக் லைட்டுக்காக வருகிறவர்களில் பாதிப்பேர் வண்டியை விட்டு இறங்கும்போதே இதைச் சொல்லிவிடுவார்கள். ஹெட்லைட்டில் தூரத்துக்கு அடிக்கிற வெளிச்சம்தான் பிரைட், தாழ்த்தி அடிப்பது டிம். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டை ஒட்டி ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை போட்டு 22 வருடம் ஆகிறது. செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், ஹாரன் என்று எல்லா வேலையும் வரும். ஐப்பசி பிறந்துவிட்டால் மட்டும் ஃபாக் லைட் வேலை கூடிவிடும். வடகிழக்கு மழை குன்னூர்ப் பக்கத்து மலைச்சரிவில் நின்று பெய்கிற காலம் அது. சாயங்காலமானால் காட்டேரி என்கிற இடத்துக்கு மேலே மேகம் ரோட்டிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதல் பத்து வருடம் கேட்டவர்களுக்குக் கேட்டபடியே போட்டுக் கொடுத்தேன். வேலையும் சுலபம். ஹெட்லைட் கப்ளரில் பிரைட் ஒயரைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து ஒரு ஒயர் இழுத்து லைட்டைப் போட்டு அணைக்கிற ரிலே என்ற சின்னப் பெட்டியின் 86-ஆம் காலில் கொடுத்தால் போதும். ஒரு ஜாயிண்ட், நாலு சுற்று டேப், முடிந்தது. தனி சுவிட்ச் போடுவதானால் டேஷ்போர்டில் இடம் பார்க்க வேண்டும், இன்ஜின் பக்கமிருந்து ஒயரை உள்ளே இழுக்க வேண்டும். அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். கஸ்டமரே கேட்காத ஒன்றுக்கு நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அப்படிப் போட்டுக் கொடுத்த ஒரு டாக்ஸிக்காரர் ஒரு கார்த்திகை மாதம் கோபமாக வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டியவர். மலைப்பாதையில் என் வயது அளவுக்கு வருடக்கணக்காக வண்டி ஓட்டியவர்.

"லைட்டே பத்தலை சாமி. 55 வாட்ஸை எடுத்துட்டு 100 போடு."

ஹோல்டர் உருகிவிடும், ஒயர் தாங்காது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ நீயே வந்து பாரு" என்று என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரவு எட்டு மணி இருக்கும். கல்லாறு தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. பர்லியாரில் தூறல். அதற்கு மேலே நாலைந்து வளைவு ஏறியதும் கண்ணாடிக்கு முன்னால் யாரோ வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டது போல ஆகிவிட்டது. ரோடு இல்லை, தடுப்புச்சுவர் இல்லை, எங்கள் வண்டியின் வெளிச்சம் மட்டும்தான் எங்களை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"அண்ணா, டிம் பண்ணுங்க" என்றேன். பண்ணினார். வேட்டி கொஞ்சம் மங்கியது. ஆனால் ஃபாக் லைட்டும் சேர்ந்து அணைந்துவிட்டது.

என் ஜாயிண்ட். பிரைட் எரிந்தால்தான் ரிலே இழுக்கும், டிம்மில் இழுக்காது. ஃபாக் லைட் எந்த நேரத்தில் தேவையோ சரியாக அந்த நேரத்தில் அணைந்துபோகும்படி நானே ஒயர் கொடுத்து, அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறேன்.

அகலமான ஒரு இடமாகப் பார்த்து ஓரங்கட்டச் சொன்னேன். தூறலில் நனைந்துகொண்டே பானட்டைத் திறந்து, செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பிரைட்டிலிருந்து ஒயரைப் பிய்த்துப் பார்க்கிங் லைட் ஒயரில் முறுக்கினேன். இப்போது ஹெட்லைட்டை முழுவதும் அணைத்துவிட்டு, பார்க்கிங்கும் ஃபாக்கும் மட்டும் எரிய வண்டியை மெல்ல நகர்த்தினோம். முதலில் இருட்டிக்கொண்டு வந்தது. கண் பழகியதும் தார் தெரிந்தது. பிறகு ஓரத்து வெள்ளைக்கோடு. இருபது மீட்டர் இருக்கலாம், அதற்கு மேல் இல்லை. ஆனால் அந்த இருபது மீட்டரும் தரையோடு தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த வளைவுக்குப் பக்கத்தில் அண்ணன் பிரேக்கை மிதித்தார். முன்னால் நாலு வெள்ளைக் காலுறை ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. காலுக்கு மேலே ஒன்றுமே இல்லை. காட்டுமாடு. அதன் உடம்பு கன்னங்கரேல், முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. உடம்பை மேகம் மறைத்துவிட்டது, பம்பர் உயரத்தில் போன வெளிச்சம் காலைக் காட்டிக் கொடுத்தது. பின்னாலேயே இன்னொரு நாலு கால் போயிற்று. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. நானும்தான். குன்னூர் போய் டீ குடித்துவிட்டு இறங்கிவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் நான் மாட்டுகிற சாமானைப் பற்றி யோசிக்கவே ஆரம்பித்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஃபாக் லைட்டின் கண்ணாடியைக் கிட்டே வைத்துப் பார்த்தால் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும், பக்கத்தில் 'பி' என்றோ 'எஃப் 3' என்றோ ஒரு குறியும் அச்சாகியிருக்கும். முன்பக்க ஃபாக் லைட்டாகச் சோதித்து ஒப்புதல் கொடுத்தது என்பதற்கான அடையாளம் அது. அப்படிப்பட்ட லைட் ஒளியை அகலமாக, தட்டையாக, மேல்பக்கம் கத்தியால் வெட்டியது போல அனுப்பும். மேகத்தில் இருப்பது நீர்த்துளிகள். மேலே போகிற வெளிச்சம் அந்தத் துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்புகிறது. அதனால்தான் இந்த லைட்டைக் கீழே மாட்டுகிறார்கள். தூரம் காட்டுவதற்கு வந்த சாமான் இல்லை இது.

மஞ்சள் வெளிச்சம் பனியை வெட்டிக்கொண்டு போகும் என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வோம். நானும் அதைச் சொல்லியே விற்றிருக்கிறேன். ஆனால் அது சரியில்லை. ஆகாயத்தை நீலமாகக் காட்டும் காற்றின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை, அவை நிறம் பார்த்துச் சிதறடிக்கும். மேகத்தின் நீர்த்துளி அதைவிடப் பலமடங்கு பெரியது, மஞ்சளானாலும் வெள்ளையானாலும் அதற்கு ஒன்றுதான். பிரான்ஸில் 1993 வரை கார் ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது, பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். ஆனாலும் நீலம் கலந்த எல்.இ.டி. வெள்ளையைவிட மஞ்சள் என் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. அதனால் மஞ்சளையே சிபாரிசு செய்கிறேன், வெட்டும் என்று மட்டும் சொல்வதில்லை.

மாட்டுவதைவிட அதைக் குனிய வைப்பதுதான் வேலை. கடைக்கு எதிரே ஒரு உருளைக்கிழங்கு மண்டியின் சுண்ணாம்புச் சுவர் இருக்கிறது. மண்டி மூடிய பிறகு வண்டியைச் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்துவேன். லைட்டின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து, அதைவிட 4 அங்குலம் கீழே சுவரில் சாக்பீஸால் கோடு. வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். பின்சீட்டில் ஆள், டிக்கியில் சாமான் என்று ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். அதனால் டூரிஸ்ட் வண்டி என்றால் பின்னால் பையன்களை உட்கார வைத்துத்தான் பார்ப்பேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கும் கஸ்டமருக்குப் பொறுக்காது. "இன்னும் கொஞ்சம் தூக்கி வைங்களேன், தூரமா அடிக்கட்டும்" என்பார். 1,500 ரூபாய் கொடுத்த வெளிச்சத்தைத் தன் பம்பருக்கு முன்னாலேயே கொட்டுகிறார்களே என்ற ஆதங்கம் அவருக்கு.

மேகம் இல்லாத ராத்திரியில் ஃபாக் லைட்டைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். காரமடை ரோட்டில் இரவு பைக்கில் வீட்டுக்குப் போகும்போது எதிரே வருகிற காரில் நாலு லைட்டும் எரியும். அப்படிப் போட்டால் ஓட்டுகிறவருக்கே நஷ்டம். பக்கத்துத் தரை பளிச்சென்று தெரிவதில் கண்மணி சுருங்கிக்கொள்ளும், தூரத்தில் சைக்கிளில் போகிறவர் தெரியமாட்டார். மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் இன்னும் மோசம். ஈரத் தார் கண்ணாடி மாதிரி. கீழே குனிய வைத்த வெளிச்சமும் அதில் பட்டு எழும்பி எதிராளி முகத்தில் அடிக்கும். நான் எவ்வளவு துல்லியமாகக் குனிய வைத்தாலும் இதற்கு மருந்து கிடையாது, சுவிட்சை அணைப்பதைத் தவிர.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவர் தன் சொந்த வண்டி வேலைக்காக வந்திருந்தபோது ஒரு கணக்குச் சொன்னார். 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி. லைட்டுக்கு முன்னால் 8 மீட்டர் தள்ளி, வலப்பக்கம் அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கிற ஒரு ஆளுக்குக் கூசக் கூடாது. அவர் போனதும் எட்டு மீட்டரை அளந்து நானே நின்று பார்த்தேன். என் கண் உயரமும் ஏறக்குறைய அதேதான். அன்றைக்கு வாசலில் நின்றிருந்த மூன்று வண்டியில் இரண்டு கூசியது. இரண்டில் ஒன்று என் வேலை.

பின்பக்க ஃபாக் லைட் வேறு கதை. ஒருநாள் புதுக்கார்க்காரர் ஒருவர் வந்தார்.

"பின்னாடி ஒரு பல்பு ஃபியூஸ் போயிருச்சுங்க. வலது பக்கம் மட்டும் எரியுது. பின்னாடி வர்றவனெல்லாம் ஹாரன் அடிக்கிறான்."

போய்ப் பார்த்தால் பல்பில் கோளாறு இல்லை. அவர் வண்டியில் பின்பக்க ஃபாக் லைட் ஒன்றே ஒன்றுதான், அதுவும் வலது பக்கம். இண்டிகேட்டர் தண்டின் நுனியில் இருக்கிற வளையத்தை என்றோ கை தவறித் திருப்பியிருக்கிறார். டேஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னப் படம் எத்தனை நாளாக எரிந்துகொண்டிருந்ததோ. சாதாரண டெயில் லைட் 5 வாட்ஸ், இது 21 வாட்ஸ், பிரேக் லைட் அளவு. பின்னால் வருகிறவனுக்கு இவர் எப்போது பிரேக் போடுகிறார் என்றே தெரிந்திருக்காது. வளையத்தைத் திருப்பி அணைத்தேன். காசு வேண்டாம் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. இன்னொரு பக்கமும் எரியும்படி பண்ண முடியாதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜெர்மனியில் கொஞ்சகாலம் வேலை பார்த்த ஒரு கஸ்டமர், அங்கே 50 மீட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரிந்தால் இந்தப் பின்லைட்டைப் போடவே கூடாது என்றார். ரோட்டோரக் குறிக்கம்பங்கள் 50 மீட்டருக்கு ஒன்று நட்டிருக்குமாம், அதை வைத்தே ஓட்டுகிறவர் கணக்குப் பண்ணிக்கொள்ளலாமாம். நம் மலையில் நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். நிற்கிறானா, போகிறானா, கொண்டை ஊசியில் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று மேகத்துக்குள் யார் கண்டது?

இப்போது தனி சுவிட்ச் இல்லாமல் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். பார்க்கிங்கோடு எரியும், அணைக்க ஒரு சுவிட்ச். இதனால் வேலை குறைந்திருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

போன வாரம்கூட ஒரு தம்பி வந்தார். புது ஜீப், பம்பரில் லைட்டை அவரே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒயரிங் மட்டும் வேண்டும். பிரைட்டோடு சேர்க்கணும் என்றார். எதிர்ச்சுவரைக் காட்டினேன், காட்டுமாட்டுக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், பாவம். "சரிங்ணா, சாயங்காலம் வர்றேன்" என்று கிளம்பி நாலு கடை தள்ளி நிறுத்தினார். அந்தக் கடைப் பையன் என்னிடம் ஆறு வருடம் வேலை கற்றுக்கொண்டவன்.

பத்து நிமிடத்தில் அவனே ஓடி வந்தான். "அண்ணா, ரிலே ஒண்ணு இருந்தா குடுங்களேன், தீந்துபோச்சு."

"தனி சுவிட்ச் போட்டுக் குடு சாமி."

"சொன்னேனுங்ணா. கேக்க மாட்டேங்குறாரு."

டிராயரைத் திறந்து ரிலேயை எடுத்துக் கொடுத்தேன். "எத்தனைங்ணா?" என்றான். வாங்கிய விலையைச் சொன்னேன்.